ரேடியோவுக்குக் காட்டிய அட்டை

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே எல்லோரும் நலம், சமையலறைக் குழாயைத் தவிர. அது மறுபடி ஒழுகுகிறது. நீங்கள் நலமா என்று மெசேஜில் கேட்டால் ஒரு கட்டைவிரலைத் தூக்கி அனுப்புவீர்கள். போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். அதனால்தான் இனிமேல் காகிதத்தில் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கடிதத்துக்குக் கட்டைவிரலைப் பதிலாக அனுப்ப முடியாது. அனுப்பினால் தபால்காரர் பயந்துவிடுவார்.

வீட்டுச் செய்தி முதலில். உங்கள் அக்கா வாரம் தவறாமல் வருகிறார். ஒரு வாரம் நான் இளைத்துவிட்டேன் என்கிறார், மறு வாரம் ஊதிவிட்டேன் என்கிறார். எது உண்மை என்று அவரே உங்களுக்கு எழுதட்டும். பாப்பாவுக்கு விழுந்த முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. படிப்பு பரவாயில்லை, வாய்தான் நீளம். உங்களைக் கொண்டு பிறந்திருக்கிறாள், ஓயாமல் பேசிய பழைய உங்களை. அப்பா ஏன் போனில் பேசுவதில்லை என்று கேட்பவர்களிடம் எல்லாம் அப்பாவுக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்கிறாள். அந்தப் பொய்யை அவளுக்குக் கொடுத்தவள் நான். போன வாரம், "இன்னுமா சரியாகல? பெரிய டாக்டரா பாக்கச் சொல்லும்மா" என்றாள். அப்புறம் மெதுவாக, "அப்பா குரல் எப்படி இருக்கும்னு எனக்கு மறந்துக்கிட்டே வருது" என்றாள். அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோ என் ஆங்கில உச்சரிப்பு வகுப்பில் வந்து சேர்ந்திருக்கிறார்.

எந்த ரேடியோ என்று கேட்க மாட்டீர்கள். அந்தக் குரலைக் கேட்டு ஆபீசில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர்தானே. உங்கள் மேனேஜர். நான் அவரை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவரைப் போலப் பேசிக் காட்டிய காலம் ஒன்று இருந்ததே, தொண்டையைச் செருமி, காலரை இழுத்துவிட்டு, "ஃப்ரெண்ட்ஸ்" என்று தொடங்குவீர்களே. போன வாரம் என் வகுப்பறை வாசலில் நரைத்த தலையோடு ஒருவர் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். காலரை இழுத்துவிட்டார். "ஃப்ரெண்ட்ஸ்" என்றார். கையிலிருந்த மார்க்கர் கீழே விழுந்துவிட்டது. நடிப்பில் நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் கதையைக் கேளுங்கள். உங்கள் கால் சென்டர் ஆபீசை மூடிவிட்டார்களாம். இப்போது போனுக்கு இயந்திரமே பதில் சொல்கிறதாம். ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், பேரன் இருக்கிறான். மனைவி காலமாகிவிட்டார். மகளோடு போய்க் குடியேற ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். ஒரு தடவை போனார், உச்சரிப்பில் அரை மதிப்பெண் குறைந்து தவறவிட்டார். ரேடியோ, உச்சரிப்பில். இதை எழுதும்போது எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. உங்கள் அக்காவிடம் சொன்னேன். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்றார். தெய்வம் நின்றது போதும் என்று எனக்குத் தோன்றியது.

நான் இந்த வேலைக்கு ஏன் படித்தேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. நீங்கள் போன பிறகு, ஆபீசில் எந்தச் சொல்லால் உங்களை அடித்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவள் நாக்கையும் உதட்டையும் படிக்கப் போனேன். இன்று அவர் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவ்வளவுதான்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்காக,
உங்கள் மனைவி


அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலு வரி. அதில் இரண்டு வரி அங்கே குளிர் என்பது. ஒரு வரி கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை சுலபம், யாரோடும் பேச வேண்டியதில்லை என்பது. கடைசி வரியில், அவரும் மனிதர்தான், நல்லபடியாகச் சொல்லிக்கொடு என்று எழுதியிருந்தீர்கள். நல்லபடியாகச் சொல்லிக்கொடுக்கத்தான் இருந்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

முதலில் எங்கள் வகுப்பு நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் இரண்டு சொற்களை எழுதுவேன். ஒன்று பச்சையில், ஒன்று சிவப்பில். படிக்க வந்தவர் இரண்டில் ஒன்றை மனதில் நினைத்துக்கொண்டு வாயால் சொல்ல வேண்டும். என் காதில் எது விழுந்ததோ அந்த நிற அட்டையைத் தூக்குவேன். அவர் நினைத்ததும் நான் தூக்கியதும் ஒன்றானால் நாக்கு சரியாகப் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் மறுபடி. அவர் நினைத்தது எது என்று அவருக்கு மட்டும் தெரியும், என் காதில் விழுந்தது எது என்று எனக்கு மட்டும் தெரியும். சண்டை போட இடமே இல்லாத ஏற்பாடு.

அன்றைக்குப் பலகையில் இருந்தது பில்லும் பில்லும். பணம் கட்டும் பில் ஒன்று, விழுங்கும் பில் ஒன்று. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘பி’தான், அதனால்தான் நம் ஆட்கள் எல்லோரும் இதில் போய் விழுகிறார்கள். உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். மாத்திரையைச் சொன்னால் காகிதம் ஆட வேண்டும், கணக்கைச் சொன்னால் ஆடக் கூடாது. எங்கள் வகுப்பில் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார், ஆறடி உயரம். அவர் காகிதம் என்ன செய்தும் ஆடவில்லை. கடைசியில் கோபத்தில் ஊதினார், பக்கத்திலிருந்த நர்சின் காகிதமும் சேர்ந்து பறந்தது. எல்லோரும் சிரித்தோம், டிரைவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை.

அப்போது ரேடியோ தொண்டையைச் செருமினார். "எங்க ஆபீஸ்ல ஒரு ஆள் இருந்தான்" என்று ஆரம்பித்தார். அது நீங்கள்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கணக்கைப் பற்றிக் கேட்க ஒரு அம்மாள் போன் செய்தாராம். அவன் மாத்திரையைச் சொல்வதுபோல் சொல்லி, பெரிய பில் அனுப்பியிருக்கிறோம், ஒரேயடியாகக் கஷ்டமென்றால் மூன்று தடவையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றானாம். அந்த அம்மாள் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்க, உங்கள் சௌகரியம் மேடம் என்றானாம். இதையெல்லாம் உங்கள் குரலிலேயே சொன்னார். அந்த ‘மேடம்’ என்பதை நீங்கள் கொஞ்சம் இழுப்பீர்களே, அதைக்கூட விடவில்லை. கடைசியாக, "புதுசா சேர்ற ஒவ்வொரு பேட்சுக்கும் மொத நாள் அந்த ரெக்கார்டிங்கத்தான் போட்டுக் காட்டுவேன். சிரிச்சு முடிச்சப்புறந்தான் டிரெய்னிங்கே" என்றார்.

வகுப்பே சிரித்தது. டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். உங்களைப் பார்த்து ஊர் சிரித்த இடத்தில் நானும் ஒருத்தியாக நின்று சிரித்தேன், அவர் புண்ணியத்தில். ஒவ்வொரு பேட்சும் அந்த டிரெய்னிங் அறையிலிருந்து வெளியே வரும்போது உங்கள் மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்கும் என்று ஒரு நாள் சொன்னீர்கள். ஆபீசைப் பற்றி நீங்கள் என்னிடம் சொன்ன கடைசி வாக்கியம் அது. அதற்குப் பிறகு காய்கறிக் கடையில்கூட ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசினீர்கள். தமிழில். பேரம் பேசியே கடைக்காரரை அழவைத்த மனிதர், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

வகுப்பு முடிந்ததும் ரேடியோ என்னிடம் வந்தார். லாரி ஓட்டுகிறவரோடும் துணி தைக்கிறவரோடும் உட்கார்ந்து படிப்பது அவருக்குச் சரிப்படவில்லையாம். தனியாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். எலி தானே பொறிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, கதவைச் சாத்திவிடுங்கள் என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? சாத்தினேன்.

மறுநாள் பின்னறையில் நாங்கள் இருவர் மட்டும். பலகையில் கப்பலுக்கான ஷிப், ஆட்டுக்கான ஷீப். அவர் ஆட்டைச் சொன்னார். பளிங்குபோல் சொன்னார், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் கப்பலுக்கான அட்டையைத் தூக்கினேன். புருவம் உயர்ந்தது. மறுபடி சொன்னார். மறுபடி கப்பல். மூன்றாம் முறை பல்லைக் காட்டி, கழுத்து நரம்பு தெரிய இழுத்துச் சொன்னார், கேட்கச் சகிக்கவில்லை. உடனே ஆட்டின் அட்டையைத் தூக்கிவிட்டேன். நிம்மதியாக மூச்சுவிட்டார். இத்தனை வருஷமாகத் தவறாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது என்றார்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எனக்கு இரண்டு அட்டை போதும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாப்பாவோடு சேர்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உங்கள் மனைவி


அன்புள்ள என்னவருக்கு,

இந்தத் தடவை எட்டு வரி எழுதியிருக்கிறீர்கள். கோபம் வந்தால்தான் உங்களுக்கு வரி வரும் என்றால் இன்னும் கோபமூட்டத் தயார்.

பாவம், விட்டுவிடு என்கிறீர்கள். வயதானவர் என்கிறீர்கள். ஆசிரியர் அப்படிச் செய்யலாமா என்கிறீர்கள். நீங்கள் அவரை எப்போதோ மன்னித்துவிட்டீர்களாம். சரி, ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். மன்னித்துவிட்ட மனிதர் ஏன் போனை எடுப்பதில்லை? உள்ளே ஒன்றும் இல்லையென்றால் பெற்ற பிள்ளையிடம் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்க ஏன் நாக்கு எழவில்லை? உங்கள் மன்னிப்பு எனக்கு வேண்டாம். அது பயத்துக்கு நீங்கள் போட்டுவிட்ட நல்ல சட்டை. நான் கோபத்தை மறைக்கவில்லை, என் கோபமாவது வாய் திறந்து பேசுகிறது.

இனி அவர் நிலைமை. எப்போதும் தப்பான அட்டையையே காட்டினால் கண்டுபிடித்துவிடுவார், ஆள் முட்டாள் இல்லை. அதனால் அளந்துதான் காட்டுகிறேன். இயல்பாகச் சொன்னால் தப்பான அட்டை, கோணலாகச் சொன்னால் சரியான அட்டை. நாய்க்குட்டியைப் பழக்குவதுபோல்தான். இப்போது எதைச் சொன்னாலும் இழுக்கிறார். மாத்திரையைச் சொல்லும்போது எச்சில் என் மேசை வரைக்கும் வருகிறது. ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன்னால் வாயைத் திறந்து, உதட்டைக் குவித்து, நாக்கை இடம் பார்த்து வைத்து, அப்புறம் என் கையைப் பார்க்கிறார். கை எழுவதற்குள் நெற்றி வியர்த்துவிடுகிறது.

நடுவில் ஒரு நாள் சந்தேகம் வந்தது. செல்போனில் சொல்லிப் பார்த்தாராம், போன் சரியான சொல்லையே எழுதிக் காட்டியதாம். ஆனால் நானும் உங்கள் பெண்சாதிதானே, வாயுள்ள பிள்ளை பிழைக்கும். போன் ஊகித்து எழுதும், தேர்வில் காதுள்ள மனிதர் உட்கார்ந்திருப்பார், போன தடவை போன் சரியென்று சொன்னதை நம்பியதால்தான் அரை மதிப்பெண் போயிற்று என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு தடவை விழுந்தவருக்குத் தரையெல்லாம் குழியாகத்தான் தெரியும்.

போன புதன்கிழமை வந்து உட்கார்ந்தார். அப்புறம் தமிழிலேயே சொன்னார். மகளோடு போனில் பேசுவதை நிறுத்திவிட்டாராம். பேரன் அங்கே பிறந்த பிள்ளை, ஆங்கிலம் தவிர ஒன்றும் தெரியாது. தாத்தா ஏன் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று கேட்டுவிட்டுச் சிரித்தானாம். மகளும் பின்னால் சிரித்தாளாம். "வெளையாட்டாத்தான் சிரிச்சாங்க மேடம். ஆனா அதுக்கப்புறம் போன் அடிச்சா கை நடுங்குது. எடுக்கறதில்ல" என்றார்.

போன் அடித்தால் எடுப்பதில்லையாம். கேட்டீர்களா? நான் திட்டம் போட்டுக்கூட இவ்வளவு பொருத்தமாகச் செய்திருக்க முடியாது. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் உங்கள் துன்பம் அவருக்கு அப்படியே பொருந்திவிட்டது. எனக்கு இனித்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார், டம்ளர் பல்லில் பட்டுச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தமும் இனித்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வழியெல்லாம் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. உங்கள் அக்காவிடம் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். பாப்பாவிடம் சொல்லக் கூடாது. உங்களுக்குப் போன் செய்தேன். வழக்கம்போல் அடித்து அடித்து நின்றது. இரண்டு பேர், உலகத்தின் இரண்டு மூலையில், அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவரை அவர் அப்படி ஆக்கினார், ஒருவரை நான் ஆக்கினேன். கணக்கு நேராகிவிட்டது என்று சந்தோஷப்படப் பார்த்தேன். பாதிச் சந்தோஷம்தான் வந்தது. மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது.

குழாய்க்காரர் வந்துபோனார். இப்போது ஒழுகவில்லை, ஊளையிடுகிறது.

உங்கள் மனைவி


அன்புள்ள என்னவருக்கு,

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். வேகமாகப் படித்துவிடாதீர்கள்.

நேற்று சாயங்காலம் ரேடியோ வந்தார். உட்காரவில்லை. பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இனி வகுப்பு வேண்டாம், தேர்வுக்கும் போகப்போவதில்லை என்றார். மகளுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டாராம். "என்னால இனிமே வராது மேடம். இங்கயே ஒரு ரூம் பாத்துக்கிட்டு இருந்துடறேன். யார்கிட்டயும் பேசத் தேவையில்லாத மாதிரி" என்றார்.

இதைக் கேட்டு நான் இரங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் இது ஒரு வழியாகிவிட்டது, வாயை மூடிக்கொண்டு ஒரு மூலை பார்த்துக்கொள்வது. உங்களை விட்டுவிட்டேன், நீங்கள் போய்விட்டீர்கள். அன்று வாசலை மறித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். இவரையும் அப்படிச் சுலபமாகப் போகவிடுவதாக இல்லை. உட்காருங்கள் என்றேன். நான் சொன்ன விதத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சொல்லிவிட்டேன். பில் கதையில் வரும் அந்த ஆளின் மனைவி நான் என்றேன். நீங்கள் சரியாகச் சொன்னபோதெல்லாம் வேண்டுமென்றே தப்பான அட்டையைத் தூக்கினேன் என்றேன்.

அவர் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? மன்னிப்பா? இல்லை. "அப்ப நான் சொன்னதெல்லாம் சரியாத்தான் இருந்துதா?" என்று கேட்டார். அவ்வளவு அவமானத்திலும் அந்த மனிதருக்கு முதலில் தன் உச்சரிப்புத்தான் முக்கியம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எது சரி, எது தப்பு என்று சொல்ல மாட்டேன், சில சமயம் உண்மையான அட்டையும் காட்டியிருக்கிறேன் என்றேன். முகம் வெளுத்துப்போயிற்று.

அப்புறம் கோபம் வந்தது. எழுந்து நின்று, வகுப்பை நடத்தும் எங்கள் முதலாளியம்மாவிடம் புகார் செய்து என் வேலையைப் பறித்துவிடுவேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பழைய ரேடியோவாகத்தான் ஆரம்பித்தார், காலரையெல்லாம் இழுத்துவிட்டுக்கொண்டு. மூன்றாவது சொல்லில் உதடு குவிந்து நின்றுவிட்டது. தன்னை அறியாமல் என் கையைப் பார்த்தார். கையில் அட்டை இல்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேலை போனால் போகட்டும், போய்ச் சொல்லுங்கள், நீங்கள் ஆபீசில் செய்ததை நானும் சொல்வேன் என்று அவரிடம் சொன்னேன்.

பிறகு நான் கேட்டேன், என் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று. யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "குரல் நல்லா ஞாபகம் இருக்கு. பேருதான் வரல" என்றார். பேட்ச் பேட்சாகக் கூட்டி உட்காரவைத்து உங்கள் குரலைப் போட்டுச் சிரித்தவருக்கு உங்கள் பெயர் தெரியவில்லை. நீங்கள் ஊரைவிட்டுப் போன விஷயமே அவருக்குத் தெரியாது. வேறு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாராம். எனக்கு அந்த நேரத்தில் அவரை அடித்துவிடலாமா என்றுகூட இருந்தது. இத்தனை நாளாக நான் பழிவாங்கிக்கொண்டிருந்தது நடந்ததையே அறியாத ஒருவரை. அறியாதவரைத் தண்டித்தால் அது தண்டனையா? அவருக்குத் தெரிய வேண்டும். என் வாயிலிருந்து தெரிந்தால் போதாது.

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. அதை அவர் உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஏற்பாடு இதுதான். கேட்டுவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். கடிதம் உங்களிடம் வந்து சேர நாள் விட்டு, இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருக்கிறேன், உங்களுக்கு விடுமுறை. உங்கள் ஊர் நேரப்படி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் எண்ணிலிருந்து போன் வரும். பேசப்போவது அவர். தான் யார், என்ன செய்தார், எத்தனை பேருக்கு முன்னால் செய்தார் என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும், இப்போது அவரிடம் இருக்கும் அந்த உடைந்த ஆங்கிலத்திலேயே. திக்கட்டும், இழுக்கட்டும், எச்சில் தெறிக்கட்டும். அந்தக் குரல் எப்படி இருந்தது, எப்படி ஆகியிருக்கிறது என்று நீங்கள் காது குளிரக் கேட்க வேண்டும். உங்களுக்காக நான் செய்ததில் இதைவிட நல்ல பொருள் என்னிடம் இல்லை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

முதலில் மாட்டேன் என்றார். போன் என்றாலே கை நடுங்குகிறது என்றார். அந்தப் பக்கம் எடுக்கப்போகிறவருக்கும் அப்படித்தான் என்றேன். அப்புறம் சரி என்றார். "அவர் எடுப்பாரா மேடம்?" என்று கேட்டார். பாருங்கள், ‘அவன்’ போய் ‘அவர்’ வந்துவிட்டது. எடுப்பாரா என்ற கேள்வி வந்ததும் மேசையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் மனது வைத்தால் அவரைச் சரி செய்துவிடலாம். தினமும் ஒரு மணி நேரம் உண்மையான அட்டையைக் காட்டினால் போதும், அடியில் இருப்பது நல்ல நாக்குத்தான். மகளிடம் போய்ச் சேர்ந்துவிடுவார். மனது வைக்காவிட்டால் இப்படியே கிடப்பார், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எது என்று நான் முடிவு செய்யவில்லை. அது என் வழக்கு இல்லை, உங்கள் வழக்கு. தீர்ப்பு நீங்கள் சொல்ல வேண்டும். எழுதி அனுப்பினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெசேஜும் செல்லாது. பாவம் விட்டுவிடு என்று பக்கம் பக்கமாகக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவேன், அவரும் இப்படியே இருப்பார். உண்மையாகவே அவரைக் காப்பாற்ற வேண்டுமென்று இருந்தால் வாயைத் திறக்க வேண்டும். காப்பாற்றக் கூடாது என்று இருந்தாலும் திறக்க வேண்டும். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் அதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

பாப்பா பக்கத்தில் இருப்பாள். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பெரியவர் போன் பேச வருகிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஸ்பீக்கரில் போட்டுவைப்பேன். அழகாகப் பேச வேண்டாம். சரியாகப் பேசவும் வேண்டாம். அட்டை எல்லாவற்றையும் வகுப்பிலேயே வைத்துவிட்டு வருவேன்.

போன் அடிக்கும். உங்களுக்குக் கை நடுங்கும், தெரியும். நடுங்கிக்கொண்டே எடுங்கள். விட்டுவிடு என்றால் விட்டுவிடுகிறேன், விடாதே என்றால் விட மாட்டேன். எதுவானாலும் சரி, நீங்கள் சொல்லி நான் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்காக,
உங்கள் மனைவி